கையெழுத்து வைத்த பொட்டலம்

ஜூலை 2, ஞாயிறு

அருஷா வந்து சேர்ந்தேன். குளிர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் கடலோர டாங்காவில் ஜூலை மாதம் என்றால் ராத்திரிக்கு ஒரு மெல்லிய போர்வை, அவ்வளவுதான். இங்கே பகலிலேயே எல்லோரும் காது வரை மூடிக்கொண்டு நடக்கிறார்கள்.

பத்தொன்பது வருடமாக அண்ணன் ரஜபு இந்த ஊரில் ரத்தினக் கல் வாங்கிக்கொண்டு வருவான், நான் சக்கரத்தில் உட்கார்ந்து பட்டை தீட்டுவேன். "இதுக்கா இவ்வளவு கொடுத்தே? கண்ணைக் கடன் கொடுத்துட்டியா?" என்று அவன் கொண்டுவரும் ஒவ்வொரு கல்லையும் குறை சொல்வது என் வழக்கம். போன மாதம் மசூதிக் குழுவோடு பந்து விளையாடிக் காலை உடைத்துக்கொண்டான். ஐம்பத்திரண்டு வயதில் பந்து!

கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் சொன்னது: "போய்ப் பாரு சிகுதானி. ஒரே ஒரு நல்ல கல் கொண்டு வா, இனிமே கொள்முதல் உன்னோடது. சொத்தைக் கல்லோட வந்தே, அருஷா பேச்சையே எடுக்கக் கூடாது. சக்கரத்துல உக்காந்துக்கணும்."

சரி என்றேன். இவ்வளவு காலம் பேசிய வாய் வேறு என்ன சொல்லும்?

வேண்டியது ஒரு ஸ்பினல். தார் எஸ் சலாமில் ஒரு நகைக்கடைக்காரர் மோதிரத்துக்குக் கேட்டிருக்கிறார். மாணிக்கம் போலச் சிவப்பாக இருக்கும், மாணிக்கம் இல்லை. கையில் இருப்பது ஒரு கல்லுக்கான பணம்.

விடுதிக்காரியைப் பிள்ளை பேரைச் சொல்லி அனேத்தின் அம்மா என்றுதான் இங்கே கூப்பிடுகிறார்கள். அவள் மூன்று கம்பளி கொண்டுவந்து போட்டாள். "எங்க ஊர் ஆளுங்களுக்கு ஒண்ணுதான் கொடுப்பேன். டாங்கா ஆளுன்னா மூணு."

ஜூலை 3, திங்கள்

லெமாயானைப் பார்த்தேன். அண்ணனுக்கு எப்போதும் கல் காட்டும் தரகன். போனில் அந்தக் குரலைக் கேட்டு ஆறடி ஆளாக மனதில் வைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருக்கிறான்.

மணிக்கூண்டுக்குக் கீழே இருக்கும் தெருவில் தரகர்கள் நிற்கிறார்கள். சட்டைப் பையில் கோடிக்கணக்கில் வைத்துக்கொண்டு வறுத்த சோளம் தின்கிறார்கள். நான் ஸ்பினல் என்றதும் லெமாயான் வானத்தைப் பார்த்தான்.

"இன்னைக்கு வேணாம் அக்கா. இப்படி மூடிக்கிட்டு இருக்கிற நாள்ல சிவப்புக் கல்லைக் காட்டினா, கல்லுக்கும் அவமானம், எனக்கும் நஷ்டம். நீலம், பச்சை இருந்தா பாருங்க."

நீலம் வேண்டாம். ஆக, வேலை இல்லை. ஊர் சுற்றினேன். வாழைக்காயும் இறைச்சியும் போட்டுக் குழைய வேகவைத்த மட்டோரி ஒரு கிண்ணம் குடித்தேன். மீன் இல்லாத சாப்பாடு ஒரு சாப்பாடா என்று இருந்தவள், இன்னொரு கிண்ணம் கேட்டேன். பெரிய சந்தைக்குள் போய், வாங்கும் எண்ணம் துளியும் இல்லாமல் அவகாடோவுக்குப் பேரம் பேசினேன். டாங்கா மரியாதையோடு பேசினால் இங்கே விலை குறைகிறது! "உங்க ஊர்ப் பேச்சைக் கேக்கவே இன்னும் ரெண்டு தர்றேன்" என்றாள் ஒருத்தி. இப்போது அறையில் ஆறு அவகாடோ இருக்கிறது.

உப்பு எங்கே, சாவி எங்கே, சட்டை எங்கே என்று காலையிலிருந்து ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. இப்படி ஒரு நாள் கடைசியாக எப்போது இருந்தது? கல்யாணத்துக்கு முன்பா?

ஜூலை 4, செவ்வாய்

கிடைத்துவிட்டது! முதலிலிருந்து எழுதுகிறேன்.

இருக்கிற துணியிலேயே நல்லது என் சிவப்புக் காங்காதான். குளிருக்கு அதைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு போனேன். நனைந்த கோழி மாதிரி போய் நின்றால் தரகர்கள் மதிப்பார்களா? பத்தரை மணிக்கு மேகம் விலகி வெயில் வந்தது. தெருவே பரபரப்பானது. எல்லோர் பையிலிருந்தும் பொட்டலங்கள் வெளியே வந்தன. லெமாயான் என்னை ஒரு சுவர் ஓரமாக உட்காரவைத்து, காகிதத்தைப் பிரித்தான்.

ஒன்று மங்கல். இன்னொன்றில் நடுவே விரிசல். மூன்றாவதை எடுத்து நாக்கில் வைத்து நனைத்து, நெஞ்சுக்கு நேராக வெளிச்சத்தில் பிடித்தேன். அப்படி ஒரு சிவப்பு. உள்ளே விளக்கு ஏற்றிய மாதிரி. எங்கே அறுக்க வேண்டும், எந்த முகத்தை மேலே வைக்க வேண்டும் என்று கை தானாகவே கணக்குப் போட்டுவிட்டது.

விலையைச் சொன்னேன். கல்லுக்கு உடையவர் மகெங்கே சுரங்கம் பக்கம் போயிருக்கிறாராம், போனும் எட்டவில்லையாம். அதனால் வழக்கப்படி என் விலையை ஒரு துண்டில் எழுதி, கல்லோடு மடித்து, பசைப்பட்டை ஒட்டி, அதன் குறுக்கே நான் கையெழுத்து வைத்தேன். இனி உடையவர் பதில் சொல்லும் வரை வேறு எவருக்கும் அந்தக் கல்லைக் காட்டக் கூடாது. அவர் சரி என்றால் நான் எடுத்தே ஆக வேண்டும். சனிக்கிழமை மதியம் வரை கெடு.

அண்ணன் இதைச் செய்யும் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். இன்று பட்டையின் மேல் என் பெயர். இரண்டு முறை கையெழுத்து வைக்கலாமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஜூலை 5, புதன்

அய்யோ.

காலை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்து வைத்துவிட்டேன், இனி காத்திருப்பதுதான் வேலை என்று ராணி மாதிரி தெருவில் உலாத்தினேன். டீக்கடையில் நாசெரியானோடு பழக்கமானது. அவளும் தரகு பார்க்கிறவள், என் வயதுதான் இருக்கும், கருப்புச் சால்வைக்காரி. "டாங்காக்காரியா? மந்திரம் போட்டுப் புருஷனை மயக்குவீங்களாமே! தரகனையும் மயக்க முடியுமா?" என்று ஆரம்பித்தாள். "தரகனுக்குப் போடுற மந்திரத்துக்கு நாங்க தனியாக் காசு வாங்குவோம்" என்றேன். இப்படியே இரண்டு டீ ஓடியது.

சும்மா பார் என்று ஒரு கல்லை எடுத்து என் கையில் கொடுத்தாள். நேற்று போலவே பிடித்துப் பார்த்தேன். "நல்ல இளம் ரோஜா நிறம்" என்றேன்.

நாசெரியான் டீயைத் துப்பிவிட்டாள். சிரிப்பு அடங்காமல் தன் சால்வையை எடுத்து என் காங்காவின் மேல் போட்டு மூடினாள். "இப்பப் பாரு."

தண்ணீர் மாதிரி வெள்ளை. வெள்ளைப் புஷ்பராகம்.

"உன் துணி போடுற நிறத்தை எல்லாம் கல்லோட நிறம்னு நம்பிட்டியா? சிவப்பைக் கட்டிக்கிட்டு யாராவது கல் பார்க்க வருவாங்களா? எங்க ஆளுங்க சிவப்புச் சால்வை போடுறது விக்கறதுக்கு. வாங்கறதுக்கு இல்ல!"

நானும் சிரித்தேன். சிரிக்கத்தானே வேண்டும். அப்புறம்தான் உறைத்தது. நேற்று இதே காங்கா. இதே மாதிரி நெஞ்சுக்கு நேராக.

முட்டாள். முட்டாள். பத்தொன்பது வருஷம் கல்லோடயே கிடந்தும் இது தெரியலையே! எப்படித் தெரியும்? சக்கரத்துல உக்காரும்போது சாம்பல் நிற ஏப்ரன் கட்டியிருப்பேன். அதுல எந்த நிறமும் கல்லுக்குள்ள போகாது. ஏப்ரன் இல்லாம நான் கல்லைப் பார்த்ததே நேத்துத்தான். வெளுத்ததெல்லாம் பால்னு நம்பறவனைக் கேலி பண்ணிட்டு, சிவந்ததெல்லாம் ஸ்பினல்னு நானே போய் விழுந்திருக்கேன்.

ஒருவேளை கல்லும் உண்மையிலேயே சிவப்பாக இருக்கலாம். இருக்கலாம் அல்லவா? பொட்டலம் லெமாயானின் உள்பையில் இருக்கிறது. கெடு முடியாமல் நானே கேட்டாலும் பிரிக்க மாட்டான்.

ஜூலை 6, வியாழன்

பழைய துணிச் சந்தையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். கருப்பு. இரண்டு நாள் தாமதம்.

ஜூலை 7, வெள்ளி

சபாசபா, ஏழாம் மாத ஏழாம் தேதி அரசு விடுமுறை. கடைகள் பாதி மூடியிருந்தன. விடியலில், ஊருக்கு மேலே நிற்கும் மேரு மலை முழுதாகத் தெரிந்தது. உச்சி வரை, ஒரு மேகம் இல்லாமல். அனேத்தின் அம்மா முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே, "அதைப் பார்த்துட்டீங்கல்ல, இனிமே நல்லதுதான்" என்றாள். என்ன நல்லது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

மதியம் தொழுதேன். விலை கட்டாது என்று உடையவர் சொல்லிவிட வேண்டும் என்று துஆ கேட்டேன். வாங்க வந்த ஊரில் கல் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட வியாபாரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் நாசெரியான் வேண்டுமென்றே செய்தாளோ என்னவோ, ஒரு ஸ்பினல் காட்டினாள். கருப்பு ஸ்வெட்டரோடு பார்த்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். நிழலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் சிவப்பு. நகைக்கடைக்காரர் கேட்டது இதுதான்.

"கையெழுத்து வைக்கட்டுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"உன் பேர்தான் லெமாயான் பொட்டலத்துல ஒட்டியிருக்கே. உங்கிட்ட இருக்கிறது ஒரு கல்லு காசுன்னு தெருவுக்கே தெரியும். அது பிரியறதுக்குள்ள என் பொட்டலத்துலயும் வெச்சா, ஒருத்தி ரெண்டு பேருக்கு நிச்சயம் பண்ணின கதையாயிடும்."

கல்லை மடித்துப் பைக்குள் வைத்தாள். நாளை காலை பத்து மணிக்கு ஒரு நைரோபி ஆள் பார்க்க வருகிறானாம்.

ஜூலை 8, சனி

உடையவர் சரி என்று சொல்லிவிட்டார்.

பதினோரு மணிக்கு லெமாயான் வந்தான். "வாழ்த்துக்கள் அக்கா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். வானம் முழுக்கச் சாம்பல். நான் கருப்பு ஸ்வெட்டரில். பட்டை கிழியாமல் இருக்கிறது, கையெழுத்து அப்படியே இருக்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டுப் பிரித்தான்.

பழுப்பு. சிவப்பு எங்கோ அடியில் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேலே முழுக்கப் பழுப்பு.

அவனும் பார்த்தான். கல்லைப் பார்த்தான், என் ஸ்வெட்டரைப் பார்த்தான். அன்று நான் போர்த்தியிருந்தது அவன் நினைவுக்கு வந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. டீக்கடை வாசலில் நாசெரியான் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் நாலைந்து பேர்.

லெமாயான் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அன்னைக்கு வெயில் வேற மாதிரி இருந்துச்சு. உடையவர்கிட்ட நான் இன்னும் போய்ச் சேரலைன்னு வெச்சுக்கலாம். மதியம் பன்னண்டுக்குக் கெடு முடிஞ்சிடும். உங்க பஸ் எத்தனை மணிக்கு?"

வழியே திறந்துவிட்டான். எழுந்து போயிருக்கலாம்.

போகவில்லை. ஏன் என்று இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுகிறேன். வாக்கு, நாணயம் எதுவும் அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. அந்த நாலைந்து பேர் முன்னால், தன் துணியின் நிறத்தைத் தானே பார்த்து ஏமாந்தவள் என்று நிற்க முடியவில்லை. வெறும் ரோஷம்.

"எந்த வெயிலும் இல்ல. எனக்கு இந்த நிறம்தான் வேணும். தெரிஞ்சுதான் கையெழுத்து வெச்சேன்" என்றேன்.

"பழுப்பா?"

"பழுப்புதான். டாங்காவுல இப்ப பழுப்புக்குத்தான் மவுசு."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை! பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பதைவிட மோசமாக இருந்தது.

ஜூலை 9, ஞாயிறு

பஸ். மோஷி தாண்டும் வரை தூங்குவது போல நடித்தேன், யாருக்காக என்று தெரியவில்லை. கோரோக்வே நெருங்க நெருங்கக் காற்று சூடானது. உடம்புக்கு இதமாக இருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணனிடம் என்ன சொல்வது?

ஜூலை 10, திங்கள்

அண்ணன் கல்லை ஜன்னல் ஓரம் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். "பழுப்பா இருக்கே?" என்றான்.

இப்போது பழுப்புக்குத்தான் மவுசு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. காங்காவிலிருந்து லெமாயான் பஸ் நேரம் கேட்டது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று பார்த்தால், கட்டுப் போட்ட கால் கட்டிலில் இடிக்க இடிக்கச் சிரித்தான். "சிவப்புக் காங்காவா! சிவப்புக் காங்காவா!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் கடைசியில் சேர்ந்துகொண்டேன்.

சிரித்து முடித்துவிட்டு, "பேச்சு பேச்சுதான் சிகுதானி" என்றான்.

பேச்சுதான். ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 15, சனி

பட்டை தீட்டி முடித்தேன். அழகாகத்தான் வந்திருக்கிறது, என் கை அப்படி. நிறம் மட்டும் பால் விடாத டீ. படம் அனுப்பியதும் நகைக்கடைக்காரர், "நன்றி, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டார்.

வருத்தம்தான். பொய் சொல்வானேன். ஆனாலும் சக்கரம் ஓட்டும்போது அந்த ஊர் நினைவு வருகிறது. இரண்டு கிண்ணம் மட்டோரி. ஆறு அவகாடோ. வெயில் வந்ததும் தெருவே சட்டைப் பையில் கை விட்டது. ஒரு வாரம் நான் அங்கே இருந்தேன். அதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

ஆகஸ்ட் 3, வியாழன்

காலையில் லெமாயான் அண்ணனுக்குப் போன் செய்தான். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"கால் சரியாயிடுச்சா அண்ணே?"

"இன்னும் ஊன்ற முடியல."

"ரொம்ப நல்லது. அக்காவை அனுப்புங்க."

அண்ணன் போனை முறைத்துப் பார்த்தான்.

"ஒரு ஸ்பினல் வந்திருக்கு. நிஜச் சிவப்பு. திங்கள்கிழமை வரைக்கும் ஒருத்தருக்கும் காட்ட மாட்டேன். அக்கா பார்த்துட்டு வேணாம்னா அப்புறம்தான் மத்தவங்களுக்கு."

போனை வைத்துவிட்டு அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் பொறாமையா பெருமையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "பத்தொம்பது வருஷமா அவன்கிட்ட வாங்கறேன். எனக்குன்னு ஒரு நாள் ஒரு கல்லை எடுத்து வெச்சதில்ல" என்றான்.

நான் சக்கரத்தை நிறுத்தவே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னான்: "போ. ஆனா ஏப்ரனைக் கட்டிக்கிட்டுப் போ."

ஆகஸ்ட் 7, திங்கள்

அருஷா. வானம் பாதி திறந்திருக்கிறது. அனேத்தின் அம்மா கேட்காமலே மூன்று கம்பளி கொடுத்தாள்.

கருப்பு ஸ்வெட்டர், அதன் மேல் சாம்பல் ஏப்ரன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். லெமாயான் சுவர் ஓரம் காகிதத்தைப் பிரித்தான். வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன், டீக்கடைக்குள் குழல் விளக்கில் பார்த்தேன். நல்ல கல். விலை எழுதி, ஒட்டி, கையெழுத்து வைத்தேன். உடையவர் இந்த முறை ஊரிலேயே இருந்தார். மூன்று மணிக்குச் சரி என்று பதில் வந்துவிட்டது. இதோ, எழுதும்போது தலையணைக்கு அடியில் இருக்கிறது.

கல் கைக்கு வந்த பிறகுதான் லெமாயானிடம் கேட்டேன். அதற்கு முன் கேட்கத் தைரியம் இல்லை. "எனக்குன்னு ஏன் எடுத்து வெச்சீங்க? அன்னைக்கு வாக்குத் தவறாம எடுத்துக்கிட்டேன்னா?"

அவன் நாசெரியானைப் பார்த்தான். அவள் டீ டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நீயே சொல்லு" என்றாள்.

"வாக்குக் காப்பாத்தறவங்க இங்க நிறையப் பேர் இருக்காங்க அக்கா. அன்னைக்கு நீங்க 'தெரிஞ்சுதான் வெச்சேன்'னு சொன்னீங்க பாருங்க, காது சிவந்து, மூக்கு சிவந்து, காங்கா கூட அவ்வளவு சிவப்பு இல்ல. இந்தத் தெருவுல இருபது வருஷமாப் பொய்யைக் கேட்டுக்கிட்டு நிக்கறேன். அவ்வளவு மோசமான பொய்யை நான் கேட்டதே இல்ல. இவ்வளவு மோசமாப் பொய் சொல்ற ஆளுக்குப் பயப்படாம எந்தக் கல்லையும் காட்டலாம்னு அன்னைக்கே இவகிட்ட சொன்னேன்."

"தெருவுக்கே சொன்னான்" என்றாள் நாசெரியான்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லல. எனக்கு அந்தப் பழுப்பு பிடிச்சிருந்தது, அதான் வாங்கினேன்" என்றேன்.

டீக்கடைக்காரர் வரைக்கும் சிரித்தார்.